ஏற்காடு ஏறும் பழைய மவுண்டன் பைக்: புதுப் பாகம் மாட்டியபின் வரும் கோளாறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் ஒரு கல்லூரிப் பையன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். 26 இன்ச் சக்கரம் போட்ட பழைய மவுண்டன் பைக். ஃபிரேம் அருமையான ஃபிரேம்.

"ஆர்.டி. புதுசுண்ணா, கேசட்டு புதுசு, செயினும் புதுசு. ஆனா பெரிய மூணு பல்லுக்கு ஏறவே மாட்டேங்குது."

"ஷிஃப்டர்?"

"அது மட்டும் பழசு. நல்லாத்தான இருந்துச்சுன்னு விட்டுட்டேன்."

ஆர்.டி. என்றால் பின் சக்கரத்துக்குக் கீழே தொங்கி செயினைப் பல் மாற்றும் கருவி. கேசட் என்றால் பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு, அதில் ஒவ்வொரு சக்கரத்தையும் பேச்சில் பல் என்றே சொல்வோம். ஷிஃப்டர் என்றால் ஹேண்டிலில் கியர் மாற்றும் கருவி. அவன் சொன்னது அத்தனையும் சரி. ஒவ்வொன்றும் நல்ல பாகம். பழையதும் புதியதும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் சிக்கல். என் வீட்டு வாசலில் வந்து நின்ற சைக்கிள்களை வைத்துச் சொல்கிறேன், பழைய பைக்கைப் புதுப்பித்தபின் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அதனால் ஒரு அறிகுறி தெரிந்ததும் எந்தப் பாகம் கெட்டுப்போயிற்று என்று தேடுவதற்கு முன்னால், எந்த இரண்டு பாகம் அங்கே சந்திக்கிறது என்று பாருங்கள். கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு வெர்னியர், அலன் கீ செட், செயின் கட்டர் இருந்தால் போதும். கீழே உள்ளவற்றில் முக்கால்வாசியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கியர் பாதியில் நிற்கிறது, பெரிய பல்லுக்கு ஏறுவதில்லை, எத்தனை திருகினாலும் செட் ஆகவில்லை

அந்தப் பையனின் கோளாறிலிருந்தே தொடங்கலாம். ஹேண்டிலில் இருந்தது ஷிமானோ 9 கியர் ஷிஃப்டர். பின்னால் மாட்டியது 10 கியர் மவுண்டன் ஆர்.டி. 9 கியர் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.5 மி.மீ. கேபிள் இழுக்கும். பழைய 9 கியர் ஆர்.டி. அந்த இழுப்பைப்போல 1.7 மடங்கு பக்கவாட்டில் நகரும். 2010இல் ஷிமானோ 10 கியர் மவுண்டன் வரிசையைக் கொண்டுவந்தபோது இந்த விகிதத்தை 1.2 ஆக இறக்கிவிட்டது. அதற்கு ஈடாகப் புது ஷிஃப்டர் கிளிக்குக்கு 3.4 மி.மீ. இழுக்கும். கேபிளில் கொஞ்சம் சேறோ துருவோ ஏறினாலும் கியர் பிசகக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் இது. நல்ல மாற்றம்தான், ஆனால் பழசோடு ஒட்டாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பழைய ஷிஃப்டர் 2.5 மி.மீ. இழுக்கிறது, புது ஆர்.டி. அதை 1.2ஆல் பெருக்கி 3 மி.மீ. நகர்கிறது. 10 கியர் கேசட்டில் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 3.95 மி.மீ. முதல் கிளிக்கில் ஒரு மி.மீ. பின்தங்கும், இரண்டாவதில் இரண்டு. அங்கேயே செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கடகடவென்று அடிக்கும். நாலு கிளிக் தட்டினால் மூன்று பல்தான் தாண்டும். எட்டு கிளிக்கும் முடியும்போது 24 மி.மீ., அதாவது ஆறு பல் தூரம். மிச்சம் மூன்று பல். பையன் சொன்ன அதே மூன்று. மலை ஏறத் தேவையான மூன்று.

உங்கள் ஷிஃப்டர் எது என்று சந்தேகமா? ஆர்.டி. போல்ட்டிலிருந்து கேபிளைக் கழற்றி, நுனியை விரலால் இழுத்துப் பிடித்து, ஸ்கேலை ஒட்டி வைத்து, முதல் கிளிக்கிலிருந்து கடைசி கிளிக் வரை தட்டுங்கள். எட்டு கிளிக்கில் 20 மி.மீ. ஒட்டி வந்தால் 9 கியர். ஒன்பது கிளிக்கில் 30 மி.மீ. ஒட்டி வந்தால் ஷிமானோ 10 கியர் மவுண்டன்.

தீர்வு ஒன்றுதான். ஷிஃப்டர், ஆர்.டி. இரண்டும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும், கேசட்டின் பல்சக்கர எண்ணிக்கை ஷிஃப்டரோடு ஒத்துப்போக வேண்டும். 9 கியர் வரைக்கும் ஷிமானோவின் ரோடு ஆர்.டி.யும் மவுண்டன் ஆர்.டி.யும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அந்தச் சலுகை 10 கியர் மவுண்டனோடு முடிந்துவிட்டது. ஸ்ராம் என்ற வேறு கம்பெனியின் ஷிஃப்டரை ஷிமானோ ஆர்.டி.யோடு சேர்க்க வேண்டாம், இழுப்பு வேறு. பையனுக்கு வலது கை ஷிஃப்டர் ஒன்று மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஆர்.டி.யைத் திரும்ப வாங்கி மாட்டலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தான்.

புதுக் கேசட் ஹப்பில் ஏறவே மாட்டேன் என்கிறது

ஹப் என்பது சக்கரத்தின் நடுவே அச்சின் மேல் சுற்றும் பகுதி. முதலில், உங்கள் பின் சக்கரத்தில் இருப்பது கேசட்தானா என்று பாருங்கள். குறைந்த விலை பைக்குகளில் மரை போட்டு முறுக்கும் ஃப்ரீவீல் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் ஸ்பேனர் மாட்டும் வெட்டும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, நடு வெட்டு அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் கேசட் ஏறாது. சக்கரம் அல்லது ஹப் மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்கப் பால்ரஸ் அச்சின் நுனியிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி இருப்பதால், மேடு பள்ளத்தில் அடிபட்டு அச்சு வளைவதும் உடைவதும் அதிகம். கரடுமுரடான தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் கேசட் ஹப்புக்கு மாறுவது செலவுக்குத் தகுந்த மாற்றம்.

கேசட் ஹப்தான் என்றால் 8, 9, 10 கியர் மூன்றுக்கும் கேசட் ஏறி உட்காரும் உடல் ஒன்றுதான், ஷிமானோ ஹெச்.ஜி. ரகம். 11-42 மாதிரியான, அதாவது சின்ன சக்கரத்தில் 11 பல்லும் பெரியதில் 42 பல்லும் உள்ள 11 கியர் மவுண்டன் கேசட்டும் அதிலேயே ஏறும். ரோடு பைக்கின் 11 கியர் கேசட் ஏறாது, அதற்கு உடல் 1.85 மி.மீ. நீளமாக வேண்டும். 7 கியர் உடல் குட்டை, அதில் 8 கியர் கேசட்டே உட்காராது. ஷிமானோவின் 12 கியர் மவுண்டன் வரிசை 2018இல் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு உடலோடு வந்தது.

பழைய சக்கரத்தை வைத்துக்கொண்டே மலைக்கு ஏற்ற பெரிய பல் வேண்டும் என்கிறவர்களுக்கு மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட் வரிசையைச் சொல்வேன். 9 கியரில் 11-42, அட்வென்ட் எக்ஸில் 10 கியருக்கு 11-48, இரண்டும் சாதாரண ஹெச்.ஜி. உடலில் உட்காரும். ஷிஃப்டர், ஆர்.டி., கேசட் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஸ்டாண்டில் சுத்தமாக மாறுகிறது, மலையில் மிதித்தால் குதிக்கிறது

இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, புதுச் செயின் பழைய பற்களில் ஓடுவது. செயின் தேயும்போது அதன் கண்ணிகளுக்கு இடையே நீளம் கூடும். கூடிய நீளத்துக்கு ஏற்றபடி கேசட் பல்லும் தேய்ந்து பழகிவிடும். அங்கே சரியான நீளமுள்ள புதுச் செயினைப் போட்டால், அழுத்தி மிதிக்கும்போது பல்லின் மேல் ஏறிச் சறுக்கும். பெரும்பாலும் நீங்கள் அதிகம் பயன்படுத்திய நடுப் பற்களில் மட்டும்தான் குதிக்கும், அதுவே அடையாளம். செயினை ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம். ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வைத்தால், 12 இன்ச்சில் இன்னொரு பின்னின் மையம் சரியாக விழ வேண்டும். 1/16 இன்ச் தாண்டி விழுந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது, செயினை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். 1/8 இன்ச் தாண்டியிருந்தால் ஒரு சதவீதம். கேசட்டும் சேர்ந்து போயிருக்கும்.

இரண்டாவது, ஹேங்கர் வளைவு. ஆர்.டி. தொங்கும் அந்தச் சின்னக் காது, சைக்கிள் ஒருமுறை வலது பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளையும். 7, 8 கியர் காலத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம், லேசான வளைவு தெரியாது. 10, 11 கியர் போட்டதும் அதே பழைய வளைவு தலைகாட்டும். புது ஆர்.டி. மேல் பழி விழும்.

இதை நேராக்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். ஹேங்கர் துளையின் மரை 10 மி.மீ., ஒரு மி.மீ. இடைவெளி. குயிக் ரிலீஸ் போட்ட பின் சக்கரங்களின் அச்சு மரையும் அதேதான். கடையில் கிடக்கும் பழைய பின் சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள், ஏற்கெனவே பெண்டு எடுத்து நேராக இருக்க வேண்டும். ஆர்.டி.யைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தின் அச்சை ஹேங்கர் துளையில் கையாலேயே முறுக்கி ஏற்றுங்கள். இப்போது உங்கள் சைக்கிளின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு ரிம்மும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். மேலே, கீழே, முன்னே, பின்னே ஸ்கேலால் அளந்து பாருங்கள். கீழே 30 மி.மீ., மேலே 48 மி.மீ. என்றால் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தையே இரண்டு கையாலும் பிடித்து மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இரும்பு ஃபிரேமில் ஹேங்கர் இந்த வளைப்பைத் தாங்கும். அலுமினியத்தில், போல்ட் போட்டுக் கழற்றும் ரகமாக இருந்தால் புதிதாக வாங்கி மாட்டுவதே நல்லது. ஃபிரேமோடு சேர்ந்த அலுமினியக் காது என்றால் ஒருமுறைக்கு மேல் வளைக்காதீர்கள், விரிசல் விடும்.

கேபிள் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பல்லுக்கு ஏறும்போது கியர் சரியாக மாறி, சின்னப் பல்லுக்கு இறங்கும்போது மட்டும் தயங்கினால் கேபிளில் உராய்வு என்று அர்த்தம். கியர் கேபிளின் வெளிக்குழாயில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் குழாயில் சுருளாக ஓடும். கியருக்குப் பிரேக் குழாயைப் போட்டால் அது அழுத்தத்தில் சுருங்கும், கியர் பிசகும். பிரேக்குக்குக் கியர் குழாயைப் போட்டால் அழுத்தம் தாங்காமல் பிளக்கும். இரண்டாவது உயிர் விஷயம்.

முன்னால் ஒற்றைப் பல்சக்கரத்துக்கு மாறியபின் மலை ஏறுவது முன்பைவிடக் கஷ்டமாக இருக்கிறது

இது கோளாறே இல்லை, கணக்கு. இருந்தாலும் நிறைய பேர் இதில் ஏமாந்து போகிறார்கள், கால் பலவீனமாகிவிட்டது என்றுகூட நினைத்துக்கொள்கிறார்கள்.

பெடல் மாட்டும் கைதான் கிராங்க். பழைய மூன்று பல்சக்கர கிராங்கில் உள்ளே இருக்கும் குட்டிச் சக்கரம் பெரும்பாலும் 22 பல். பின்னால் பெரியது 34 பல் என்றால், ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, பின் சக்கரம் 0.65 சுற்று சுற்றும். இதைக் கழற்றிவிட்டு முன்னால் 32 பல் ஒன்று, பின்னால் 11-42 போட்டால் 0.76. ஒவ்வொரு மிதியும் 18 சதவீதம் கனமாகிவிட்டது. மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்? பழைய இலகு திரும்ப வேண்டுமானால் 30க்கு 46, அல்லது 32க்கு 48 போட வேண்டும். முதலாவது 0.65, இரண்டாவது 0.67.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். 26 இன்ச் சக்கரத்தில் 0.65 விகிதத்தில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூட வராது, நடக்கிற வேகம்தான். ஆனால் வளைவின் உள்பக்கச் செங்குத்தில் மூச்சு வாங்கும்போது அந்த ஒரு கியர்தான் உங்களை இறங்கவிடாமல் காப்பாற்றும். முன்னால் மூன்று பல்சக்கரமும், அவற்றில் செயினை மாற்றும் எஃப்.டி.யும் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, பின் கேசட்டையும் செயினையும் மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஒற்றைப் பல்சக்கரம் அழகு, சுத்தம், சரிசெய்ய எளிது. மலை ஏறுவதற்கு அது கட்டாயம் இல்லை.

ஒற்றைப் பல்சக்கரத்தில் செயின் கழன்று விழுகிறது

பழைய கிராங்கின் நடுச் சக்கரத்தையே ஒற்றையாக விட்டிருந்தால் விழத்தான் செய்யும். அந்தப் பற்கள் செயினை விட்டுக்கொடுத்துப் பக்கத்துச் சக்கரத்துக்கு அனுப்பவே வெட்டப்பட்டவை, பக்கவாட்டில் ஏற்றும் முளைகளும் இருக்கும். ஒற்றைக்கென்று வரும் சக்கரத்தில் ஒரு பல் தடிமன், ஒரு பல் மெலிவு என்று மாறி மாறி இருக்கும். 2012இல் ஸ்ராம் தன் 11 கியர் ஒற்றைச் சக்கர வரிசையோடு பரவலாக்கியது இது. தடித்த பல் செயினின் வெளித் தகட்டுக் கண்ணியில் விழ வேண்டும். மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டால் செயின் மேலேறி நிற்கும். அதோடு, செயினைத் தொய்யவிடாமல் பிடிக்கும் க்ளட்ச் உள்ள ஆர்.டி. இருந்தால் குலுங்கும் பாதையிலும் செயின் துள்ளாது.

பெரிய பல்லில் இருக்கும்போது பெடலைப் பின்னால் சுற்றினால் மட்டும் செயின் இறங்குகிறதா? செயின் கோடு சாய்ந்திருக்கிறது. முன் பல்சக்கரத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவர வேண்டும். பி.பி. என்பது கிராங்க் சுற்றும் அச்சும் அதன் பால்ரஸும் சேர்ந்த பாகம். அது சதுர அச்சு ரகம் என்றால் 5 மி.மீ. குட்டையான அச்சு போட்டால் முன் பல்சக்கரம் சுமார் 2.5 மி.மீ. உள்ளே வரும். வாங்குவதற்கு முன்னால், பல்சக்கரத்துக்கும் ஃபிரேம் குழாய்க்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்.

செயின் நீளம்: ஆர்.டி.யில் மாட்டாமல், முன் பெரியது பின் பெரியது என்று சுற்றிப் போட்டு, அதற்கு மேல் ஒரு இன்ச், அதாவது இரண்டு கண்ணி கூட வைத்து வெட்டுங்கள். கேசட்டைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய செயினையே விட்டால், பெரிய பல்லுக்கு ஏறும்போது ஆர்.டி.யே பிய்ந்து வரும்.

மிதிக்கும்போது கிறீச், டக் என்று சத்தம்

முதலில் எளியவற்றை ஒழியுங்கள். நின்றுகொண்டு மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால் சீட் போஸ்ட்; கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுங்கள். அடுத்து பெடல் மரை, அதுவும் கிரீஸ்தான். இரண்டும் இல்லை என்றால் பி.பி.

பழைய சதுர அச்சைக் கழற்றி, வெளியே கப் வைத்த 24 மி.மீ. அச்சு கிராங்க் மாட்டுவது இப்போது சாதாரண வேலை. ஃபிரேமின் பி.பி. குழாய் அகலத்தை அளங்கள். 68 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. ஸ்பேசர் மூன்று போட வேண்டும், வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. 73 மி.மீ. என்றால் வலது பக்கம் ஒன்றே ஒன்று. இது தவறினால் பால்ரஸ் நசுங்கிக் கடுப்பாகச் சுற்றும், அல்லது கிராங்க் பக்கவாட்டில் ஆடும்.

வலது பக்கக் கப்புக்கு இடது மரை என்பதை மறக்காதீர்கள். கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். என் பைக்கின் கப்பை ஒரு கடையில் இடஞ்சுழியாகத் திருப்பினார்கள். அசையவில்லை என்று ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இழுத்தார்கள். கப் இன்னும் இறுகியது, ஸ்பேனர் நழுவியது, வெட்டுகள் மழுங்கிப்போயின. கடைசியில் இங்கே சேலத்தில் ஒரு லேத் பட்டறையில்தான் வேலை முடிந்தது. இரவெல்லாம் துரு எண்ணெயில் ஊறவைத்து, காலையில் கப்பைப் பெரிய வைஸில் இறுக்கிப் பிடித்து, ஃபிரேமையே இரண்டு பேர் பிடித்து மெல்லச் சுற்றினோம். முதல் அரைச் சுற்றுக்கு முனகியது, அப்புறம் வெண்ணெயாக வந்தது. வீட்டில் இறுகிப்போன கப் இருந்தால் இந்த வழியை நினைவில் வையுங்கள்.

பிரேக் லீவர் ஹேண்டில் வரை வருகிறது. அல்லது கல் மாதிரி இருக்கிறது, சைக்கிள் நிற்கவில்லை

இதை அவசரமில்லாமல் படியுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 லட்சம் ஜூல் ஆற்றலைக் கரைக்க வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் ரிம்மிலோ, டிஸ்க் பிரேக் என்றால் அதன் தட்டான ரோட்டரிலோ ஏறும்.

கேபிள் பிரேக்கில், லீவரும் பிரேக்கும் வேறு வேறு இழுப்பாக இருப்பதுதான் முதல் சந்தேகம். ஷிமானோ 1996இல் ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக்கைக் கொண்டுவந்தபோது, அதற்கு நீளமாகக் கேபிள் இழுக்கும் தனி லீவரும் வந்தது. அதற்கு முந்தைய ரிம் பிரேக்கான கேன்டிலீவரின் லீவர் குறைவாக இழுக்கும். குறைவாக இழுக்கும் லீவரை வி பிரேக்குக்குப் போட்டால், கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிடும். நீளமாக இழுக்கும் லீவரை கேன்டிலீவருக்கோ, ரோடு பைக்குக்கான கேபிள் டிஸ்க் காலிப்பருக்கோ (ரோட்டரைக் கவ்வும் பாகம்) போட்டால் லீவர் கல்லாக நிற்கும், பிடிமானம் இருக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்று டிஸ்க் காலிப்பர் வாங்கும்போது அது மவுண்டன் மாடலா ரோடு மாடலா என்று கேட்டு வாங்குங்கள். வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்.

ஹைட்ராலிக் என்றால், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய், இரண்டு மூன்று தடவை தட்டினால் இறுகுகிறதா? குழாயில் காற்று, அதை வெளியேற்ற ப்ளீட் செய்ய வேண்டும். ஷிமானோவுக்கும் டெக்ட்ரோவுக்கும் மினரல் ஆயில். ஸ்ராமின் பழைய மாடல்களுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். லீவர் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

லீவர் உறுதியாக இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை, கத்துகிறது என்றால் இரண்டில் ஒன்று. புதுப் பேடு இன்னும் பழகவில்லை, அல்லது எண்ணெய் பட்டுவிட்டது. பழக்குவதற்கு, கோரிமேடு தாண்டி மலை தொடங்குவதற்கு முன் சமதளத்திலேயே, நல்ல வேகத்தில் போய் நடை வேகத்துக்கு இறக்குவதை ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை செய்யுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. இதைச் செய்யாமல் நேராக மேலே போய் முதல் இறக்கத்தில் பழக்க நினைப்பது ஆபத்து. எண்ணெய் பட்ட ரோட்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். பேடில் ஊறிப்போனால் புதிதாக மாற்றுவதே சரி. செயினுக்கு எண்ணெய் விட்ட கையோடு ரோட்டரைத் தொடாதீர்கள்.

ஃபிரேமில் டிஸ்க் மவுன்ட் இல்லை என்று ஒரு பட்டறையில் அலுமினியத் துண்டை ஒட்டித் தரச் சொல்லலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். ஃபிரேம் அலுமினியம் சூடாக்கிப் பக்குவப்படுத்திய உலோகம். வெல்டிங் சூட்டில் அந்த இடம் மட்டும் பலமிழந்துவிடும். டிஸ்க் பிரேக்கின் இழுவையைத் தாங்கும்படி அந்தப் பின் குழாய்களும் செய்யப்படவில்லை. அதற்குப் பதில் டிஸ்க் மவுன்ட் உள்ள ஃபோர்க்கும் முன் சக்கரமும் மாற்றி முன்னால் மட்டும் டிஸ்க், பின்னால் நல்ல கட்டை போட்ட வி பிரேக் என்று வையுங்கள். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது என்பதால் இது நல்ல ஏற்பாடு. குயிக் ரிலீஸ் அச்சாக இருந்தால் நன்றாக இறுக்குங்கள். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது முன் அச்சைக் காடியிலிருந்து வெளியே தள்ளும் விசை உண்டு. காடி நுனியில் இருக்கும் சின்ன உதடுகளை அரம் போட்டு எடுத்துவிடாதீர்கள், அவை அதற்காகத்தான் இருக்கின்றன.

இறங்கும்போது லேசாகப் பிடித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், அடுத்த வளைவு வரை ஆறட்டும். ரிம் பிரேக் பைக் என்றால் பாதி வழியில் நின்று ரிம் பக்கம் விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் நில்லுங்கள். சூடேறிய ரிம்மில் காற்றழுத்தம் கூடி டியூப் வெடிப்பது உண்டு.

புது ஃபோர்க் போட்டபின் ஏற்றத்தில் முன் சக்கரம் அலைகிறது

பழைய ஃபிரேம் 80 அல்லது 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்கு வரைந்தது. 120 போட்டால் முன்பக்கம் உயர்ந்து, ஹெட் கோணம், அதாவது ஃபோர்க்கின் சாய்வு, 20 மி.மீ.க்கு ஒரு டிகிரி வீதம் சாயும். சீட்டும் அதே அளவு பின்னால் சாயும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. செங்குத்தான வளைவில் உங்கள் எடை பின் சக்கரத்தின் மேல் போய்விடும், முன் சக்கரம் கோழி மாதிரி இங்கும் அங்கும் தலையை ஆட்டும். சில ஃபோர்க்குகளில் உள்ளே ஸ்பேசர் போட்டு நீளம் குறைக்கலாம். முடியாவிட்டால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் கீழே இறக்குங்கள், சீட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள்.

வாங்கும் முன், அச்சிலிருந்து, இரண்டு கால்களும் மேலே சேரும் ஃபோர்க் கிரீடம் வரை பழைய ஃபோர்க்கை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபிரேமின் ஹெட் குழாய்க்குள் போகும் ஃபோர்க் தண்டு எந்த ரகம் என்பதும் முக்கியம். பழைய ஃபிரேமின் ஹெட் குழாய் பெரும்பாலும் 34 மி.மீ. உள்விட்டம், 28.6 மி.மீ. நேர்த் தண்டுக்கானது. கீழே 40 மி.மீ. வரை தடிக்கும் கூம்புத் தண்டு அதில் எந்த வித்தையாலும் நுழையாது.

முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்கிறதா? ஹெட்செட், அதாவது ஹெட் குழாயில் தண்டு திரும்பும் பால்ரஸ், லூஸ். ஸ்டெம்மின் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடியை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கி, அப்புறம் பக்கப் போல்ட்டுகளை இறுக்குங்கள். வரிசை மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது.

27.5 சக்கரம் போட்டேன், பிரேக் கட்டை ரிம்மில் படவில்லை

படாது. 26 இன்ச் ரிம் 559 மி.மீ., 27.5 ரிம் 584 மி.மீ. கட்டை உட்கார வேண்டிய இடம் 12.5 மி.மீ. மேலே போய்விட்டது. டிஸ்க் இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று அளந்தபின். புது ஹப் வாங்குகிறவர்கள் பின் அச்சு அகலத்தையும் பாருங்கள். பழைய ஃபிரேம் 135 மி.மீ. இப்போதைய பூஸ்ட் ஹப் 148. ஃபிரேமை விரித்து நுழைக்க முயல வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தது, முதல் மலை ஏற்றத்துக்குப் பின் மறுபடி ஆடுகிறது

புதுக் கேபிள் முதல் ஐம்பது கிலோமீட்டரில் படியும், கியர் கொஞ்சம் பிசகும். ஷிஃப்டரில் கேபிள் புறப்படும் இடத்துத் திருகை அரைச் சுற்று வெளியே திருப்பினால் சரியாகும். போல்ட்டுகள்தான் கவனிக்க வேண்டியவை. சதுர அச்சு கிராங்க் போல்ட் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் கேட்கும், சின்ன அலன் கீயால் அந்த இறுக்கம் வராது. லூஸாக ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை வட்டமாகிவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. 24 மி.மீ. அச்சு என்றால் இடது கிராங்கின் இரண்டு போல்ட்டுக்கும் 12 முதல் 14, இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன், இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து கிராங்க் வரை, ரோட்டர் வரை, ஸ்டெம் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வையுங்கள். ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடிக்க நிற்கும்போது சுற்றி வந்து பாருங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் இறங்கலாம். எங்கேயாவது இரண்டாகப் பிரிந்து நின்றால், அந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டுத்தான் முதல் வளைவில் இறங்க வேண்டும்.